எட்டாவது படித்த மகனுக்கு வெளிநாட்டு வேலை... நிலத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: ''எங்களுக்கு 80 சென்ட் நஞ்சை இருக்கிறது. மகன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். மூன்று வருடமாக மணலியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஷட்டவுன் வேலை. கிரைண்டிங் செய்கிறான், கொஞ்சம் வெல்டிங்கும் தெரியும். நாள் கூலி 750 ரூபாய். சவுதியில் 1,000 ரியால் சம்பளம், 'ஃப்ரீ விசா' என்று ஒருவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார். பத்தாவது சான்றிதழும் அவரே 'ஏற்பாடு' செய்வாராம். நிலத்தின் பேரில் மூன்று வட்டிக்குப் பணம் தரவும் ஒருவர் தயாராக இருக்கிறார். என்ன செய்யலாம்?''
- ஒரு வாசகர், மீஞ்சூர்.

பதில்: யூரியா மூட்டையில் 'விஜய்' என்ற பெயரைப் பார்க்காத விவசாயி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்க முடியாது. அந்த உரம் தயாராகும் மணலியில்தான் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் ஷட்டவுன். பைப் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், சாரம் கட்டுபவர் என்று அந்த நாட்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்குவார்கள். வளைகுடா நாடுகளின் ஆலைகளுக்குத் தேவைப்படுவதும் இதே கைவேலைதான். ஆகவே, எட்டாவதுதான் படித்திருக்கிறான் என்பதால் மட்டும் வாசகரின் மகனுக்கு வழி அடைபட்டுவிடாது. ஆனால், அந்த ஆள் காட்டும் வழி சரியானதல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால், 1,000 ரியால் 23,000 ரூபாய். சாப்பாடு, போன் என்று 300 ரியால் போனால் மிச்சம் 16,100 ரூபாய். மூன்று வட்டி என்பது 1,80,000 ரூபாய்க்கு மாதம் 5,400 ரூபாய். அதைக் கட்டியபின் கையில் நிற்பது 10,700 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 2,56,800 ரூபாய். அசலை அடைத்தால் 76,800 ரூபாய், அதாவது மாதத்துக்கு 3,200 ரூபாய். இதுவும் ஒரு மாதச் சம்பளம்கூடத் தவறாமல் வந்தால்தான். மணலியில் 25 நாள் வேலை கிடைத்தாலே 18,750 ரூபாய். ஷட்டவுன் இல்லாத மாதங்களில் வேலை குறையும் என்பது உண்மைதான். குறைந்தாலும் 3,200 ரூபாயை விட அதிகம்தான் மிஞ்சும். 80 சென்ட் நிலத்தை ஈடு வைத்துப் போகிற வேலையா இது?

அடுத்தது, ஈ.சி.ஆர். சென்னைக்காரர்களுக்கு அது மகாபலிபுரம் போகிற சாலை. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்துகள் இருந்தால் பொருளே வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்று குறிப்பிடும் அச்சு அது. சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்த அனுமதி தேவை. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இதைத் தருகிறது. விண்ணப்பம் 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியே போகும்.

பலரும் இதை ஒரு தடையாக நினைத்து எப்படியாவது தாண்டப் பார்க்கிறார்கள். உண்மையில் படிக்காதவருக்குப் போட்ட வேலி அது. முறைப்படி அனுமதி பெற்றால் வேலை கொடுப்பவர் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் ஒப்பந்தமாக அரசின் பதிவில் ஏறும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் சேரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். 2024 ஜூன் 12-ம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து எரிந்ததில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 7 பேர் இறந்தார்கள். 275 ரூபாய் எதற்கு என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

'பத்தாவது சான்றிதழ் ஏற்பாடு' என்பது இந்த வேலியைப் பிடுங்கும் வேலை. போலிச் சான்றிதழ் கொடுத்து பாஸ்போர்ட் வாங்குவது குற்றம். பிடிபட்டால் பாஸ்போர்ட் முடக்கப்படும், வழக்கு பையன் மீதுதான் வரும். சான்றிதழை அச்சடித்தவர் அந்த நேரத்தில் போனைக்கூட எடுக்க மாட்டார். சுற்றுலா விசாவில் துபாய்க்கு அனுப்பி 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பதும் இதே ரகம்.

'ஃப்ரீ விசா' என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் ஒரு விசா கிடையாது. யாரோ ஒருவர் பெயரில் எடுத்த விசாவில் போய், வேறு எங்காவது வேலை தேடிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே சோதனையில் மாட்டினால் சட்டவிரோதமாக வேலை பார்த்தவர் என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள். கம்பெனி விசாவா, வீட்டு விசாவா என்பதும் முக்கியம். தோட்ட வேலை என்று அழைத்துப்போய் வீட்டு வேலையாள் கணக்கில் சேர்த்து, கடைசியில் ஆடு, ஒட்டகம் மேய்க்க விடுவது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடக்கிற கொடுமை. 'ஆடு மாடு பார்த்துப் பழகியவன்தானே' என்று ஏஜென்ட் சமாதானமும் சொல்வார். விசா தாளில் வேலையின் பெயர் அரபியில் இருக்கும். மண்ணடியிலோ ராயபுரத்திலோ அரபி வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'லஹ்ஹாம்' என்றால் வெல்டர். 'ஆமில்' என்றால் வெறும் தொழிலாளி. 'ராயி' என்றால் மேய்ப்பர்.

நிலம் வாங்கும்போது 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிற நாம், பிள்ளையை அனுப்பும் ஏஜென்ட்டுக்கு வில்லங்கம் பார்ப்பதில்லை. மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு பெற்றவர் மட்டுமே ஆள் அனுப்ப முடியும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டால் உண்மை தெரியும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவிகித ஜி.எஸ்.டி-யும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். வாசகரிடம் கேட்கப்பட்டது 1,80,000 ரூபாய். 1,44,600 ரூபாய் கூடுதல். தமிழக அரசின் 'அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்' கிண்டியில் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அதில் பதிவு செய்துவிட்டு வந்த பிறகு மற்றவர்களிடம் பேசலாம்.

சரி, எட்டாவது படித்தவர் எதைக் காட்டித் தகுதி பெறுவது? கையைக் காட்டித்தான். வளைகுடா கம்பெனிகள் 'டிரேடு டெஸ்ட்' வைத்துத்தான் ஆள் எடுக்கின்றன. குழாய் வெல்டிங்கில் 6ஜி என்பது, 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றி வந்து பற்றவைக்கும் தேர்வு. பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ பார்ப்பார்கள். அதில் தேறியவரிடம் எத்தனையாவது வரை படித்தாய் என்ற கேள்வி பின்னால் போய்விடும். தேறினாலும் ஆறு மாதம் அந்த முறை வெல்டிங்கைத் தொடாமல் இருந்தால் தகுதி காலாவதி. சவுதிக்குப் போகும் வெல்டர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு இங்கேயே எழுத்து, செய்முறைத் தேர்வு நடத்தித் திறனைச் சரிபார்க்கும் முறையும் வந்துவிட்டது. 'கொஞ்சம் வெல்டிங் தெரியும்' என்பது இனிமேல் போதாது.

இதைக் கற்க இடம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ-களில் வெல்டர், பிளம்பர், ஒயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். வட சென்னையிலும் அம்பத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ உண்டு. வெல்டர் ஒரு வருடம், ஒயர்மேன் இரண்டு வருடம். ஒரு நுணுக்கம்: அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் இரண்டு வருடப் பயிற்சி முடித்தவருக்கு ஈ.சி.ஆர் விலக்கு கேட்க விதியில் இடம் உண்டு. ஒரு வருட வெல்டர் படிப்புக்கு அது பொருந்தாது. ஒரு வருடக் கூலியை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால், அந்த ஒரு வருடக் கூலி இழப்பு 80 சென்ட் நிலத்தை விடப் பெரிதல்ல.

மணலியில் வேலை பார்த்த மூன்று வருடத்துக்குச் சாட்சி வேண்டும். கான்ட்ராக்டர் பி.எஃப் பிடித்திருந்தால் யு.ஏ.என் எண்ணில் எந்த மாதம், யாரிடம் என்ற விவரம் இருக்கும். பிடிக்காமல் விட்டிருந்தால் இப்போதே கேட்க வேண்டும். அனுபவச் சான்றில் 'ஹெல்பர்' என்று போடாமல், செய்த வேலையின் பெயரைப் போடச் சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன்பே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. முன்பு காசநோய் வந்து ஆறிய தழும்பு இருந்தால்கூட வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். கொடுத்த முன்பணம் அப்புறம் வராது.

சிங்கப்பூர் பற்றியும் சில வாசகர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். அது ஈ.சி.ஆர் பட்டியலில் இல்லை. கட்டட வேலைக்கு அந்நாட்டு கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேற வேண்டும். 'ஸ்கில் டெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். தேறினால் தேர்வில் தேறியதாகத்தான் அர்த்தம், வேலை கிடைத்ததாக அல்ல. வேலை கொடுப்பவர் அனுப்பும் முன் அனுமதிக் கடிதத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சகத் தளத்தில் சரிபார்த்த பிறகே பணப் பேச்சு.

கடன் பற்றி ஒரு எச்சரிக்கை. இம்மாதிரி நேரத்தில் பணம் தருபவர் அடமானப் பத்திரம் எழுதாமல், கிரய ஒப்பந்தமோ பவரோ எழுதித் தரச் சொல்வார். 'ஒரு பாதுகாப்புக்குத்தான்' என்பார். இரண்டு தவணை தவறினால் நிலம் அவர் கைக்குப் போகும் வழி அது. கூட்டுறவு வங்கியில் பயிர்க் கடனை வாங்கி விசாவுக்குக் கட்டுவதும் கூடாது. உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லாத கடன் அது. தவணை தவறினால் அடுத்த பட்டத்துக்கு விதை, உரத்துக்கே வெளியில் கை நீட்ட வேண்டி வரும்.

வாசகரின் மகன் இந்த வருடம் செய்ய வேண்டியது, வெல்டர் பிரிவில் சேர்வதும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும்தான். தேறிவிட்டால் உண்மையான சான்றிதழைக் காட்டியே ஈ.சி.ஆர் இல்லாத பாஸ்போர்ட் கேட்கலாம். ஏற்கெனவே அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்க வேண்டும். தர மறுத்தால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்: 1800 11 3090.