காசு கோர்ட்டு வரைக்கும் போகுது, குழந்தை வரைக்கும்?

குழந்தைங்க மேல பாலியல் குற்றம்னா "தூக்குல போடு"ன்னு நாமெல்லாம் பொங்கிடுவோம். கோபம் நியாயம்தான். ஆனா அந்த வழக்கை நடத்த ஒதுக்கற காசு எங்க போகுதுன்னு யாரும் கேக்கறதில்ல. இந்தப் பதிவு அதைப் பத்தி. கொஞ்சம் வறட்சியா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

போக்சோ சட்டம் 2012 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. 2013 பட்ஜெட்ல 1000 கோடியோட நிர்பயா நிதி. 2019ல அந்த நிதியை வெச்சு விரைவு சிறப்பு நீதிமன்றத் திட்டம் ஆரம்பிச்சாங்க. ஒரு கோர்ட்டுக்கு வருஷம் 75 லட்சம், ஒரு நீதிபதி, 7 ஊழியர்கள். இலக்கு? வருஷத்துக்கு 165 வழக்கு முடிக்கணும்.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். மாசம் இத்தனை பக் மூடணும்னு மேனேஜர் சொன்னா, மூடிடுவோம். சரியாச்சாங்கறது வேற கேள்வி. வழக்கும் அப்படித்தான். அலைஞ்சு நொந்து போய் சாட்சி பிறழ்ந்து, குற்றம் சாட்டப்பட்டவர் வெளிய வந்தாலும் கணக்குல அது 'முடிந்த வழக்கு'.

எங்க ஸ்ரீமதுரையையே எடுத்துக்கோங்க. நீலகிரி போக்சோ வழக்குகள் நடக்கறது ஊட்டி மகளிர் நீதிமன்றத்துல. கூடலூர்லேர்ந்தே 50 கிலோமீட்டர். நடுவட்டம், பைக்காரான்னு மலை ஏறணும். காலைல சீக்கிரம் கிளம்பலாம்னா வழியில ஆனை. மழைக்காலத்துல மரம் விழுந்தா ரோடே மூடிடும். தோட்ட வேலைக்குப் போற அம்மாவுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. வாய்தான்னா மறுபடியும் இதே கதை. அதுவும் பணியர் வீட்டுக் குழந்தைன்னா மொழியும் வேற.

சட்டத்துல குறை இருக்கான்னு பாத்தா, இல்லைங்க. மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம். போலீஸ் யூனிஃபார்ம் போடாம வந்து வாக்குமூலம் வாங்கணும். வீடியோ மூலமா சாட்சி சொல்லலாம். 2020 விதிகள்படி சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கு அவசர உதவித்தொகையைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைச்ச ஒரு வாரத்துல பணம் தரணும். வழக்கு முடியற வரைக்கும் கூடவே இருக்க ஒரு ஆதரவு நபரும் உண்டு. இதெல்லாம் நடக்க ஆள் வேணும், காசு வேணும். இலக்குல இதுக்கெல்லாம் கட்டமே இல்லை.

அமெரிக்காவுல 1984ல ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. ஃபெடரல் கோர்ட்டுல தண்டனை வாங்கினவங்க கட்டற அபராதம்தான் அதுக்கு முக்கிய வரவு. குழந்தை வதை வழக்குகளைக் கையாளற விதத்தைச் சரிபண்ண, அதிலேர்ந்து மாநிலங்களுக்கு மானியம் போகுது. நிபந்தனை என்னன்னா, போலீஸ், நீதிபதி, வக்கீல், டாக்டர், பெற்றோர் தரப்புன்னு எல்லாரும் உக்காந்த குழு 3 வருஷத்துக்கு ஒரு தடவை தங்க மாநில நடைமுறையை அலசி, எதை மாத்தணும்னு சொல்லணும். அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா 'எத்தனை முடிச்சே'ன்னு மட்டும் கேக்காம 'எப்படி நடத்தினே'ன்னும் கேக்கறாங்க பாருங்க, அந்தக் கேள்விதான் முக்கியம்.

நான் கேக்கறது பெரிய தொகை இல்லை. கூடலூர் கோர்ட்டு வளாகத்துல ஒரு வீடியோ அறை. பணிய மொழி தெரிஞ்ச, பயிற்சி பெற்ற ரெண்டு பேர். வாய்தா அன்னிக்கு வண்டிச்செலவும் கூலியும் கையில. கூடவே இலக்குல ஒரு வரி: குழந்தை எத்தனை தடவை மலை ஏற வேண்டி வந்துச்சு?

அந்த எண் குறைஞ்சா காசு போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம். உங்க மாவட்டத்துல நிலைமை எப்படி? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆனா குழந்தையோட பேர், ஊர், ஸ்கூல் எதையும் எழுதிடாதீங்க, அதுவும் சட்டப்படி குற்றம்.