நாகஸ்வரத்துக்கு முதல் பதிவு எது?

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரத்தைக் கேட்காத தமிழர் இல்லை எனலாம். கேட்டது அவர் வாசிப்பு என்று தெரிந்தவர்கள்தான் கொஞ்சம். சேர்வராயன் மலைக்குத் தெற்கே, கொல்லிமலைப் பக்கத்து ஊர்க்காரர். 1924இல் பிறந்து 2001இல் மறைந்தவர். சேலத்திலும் சரி, மேலே கரடியூர் மாதிரி மலையூர்களிலும் சரி, கல்யாண வீட்டில் மைக் செட் கட்டியதும் முதலில் போடுவது மங்கல இசை. அதில் அவர் பெயர் முன்னால் நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் யார் காது கொடுக்கிறார்கள்? பந்திக்கு ஆள் கூப்பிடும் குரலோடு அதுவும் ஒரு சத்தம். இப்படிப் பழகிப்போனதாலேயே காதில் ஏறாமல் போன இசையை ஒருவருக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுமென்றால், அதே கல்யாணத் தொகுப்பையோ ஒரு சினிமாப் பாட்டையோ எடுத்து நீட்டுகிறோம். இரண்டும் தப்பான வாசல் என்பது என் கட்சி. முதல் பதிவு நீளமாக இருக்க வேண்டும். தவில் உடன் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டாததாக இருக்க வேண்டும்.

குட்டிப் பதிவே சரியான வாசலாக அமைந்த இசையும் உண்டு. அமெரிக்காவின் புளூகிராஸ் அப்படி. கென்டக்கிக்காரரான பில் மன்றோ தன் குழுவுக்கு வைத்த பெயரிலிருந்தே அந்த இசைக்குப் பெயர் வந்தது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பாஞ்சோ மீட்டிக்கொண்டு அந்தக் குழுவில் சேர்ந்தார். 1946, 47இல் கொலம்பியா நிறுவனத்துக்கு அவர்கள் பதிவு செய்த 28 பாட்டுகளைக் கேட்டால் போதும், புளூகிராஸ் இன்னதென்று புரிந்துவிடும். காரணம், அது வானொலியிலும் இசைத்தட்டிலும் வளர்ந்த இசை. ஒரே மைக்கைச் சுற்றி நின்று, தன் முறை வரும்போது ஒருவர் முன்னால் வந்து வாசித்துவிட்டு விலகுவார்; அடுத்தவர் வருவார். மூன்று நிமிடத்துக்குள் பாட்டும் நாலு வாத்தியமும் முகம் காட்டியாக வேண்டும். அந்த நெருக்கடிதான் அதன் விறுவிறுப்பு. அங்கே சின்னப் பதிவு எதையும் குறைத்துக் காட்டவில்லை. இசையின் அளவே அதுதான்.

நாகஸ்வரம் மைக்கைப் பார்த்துப் பிறந்ததல்ல. வீதிக்காகப் பிறந்தது. சுவாமி புறப்படும்போது தவில் முதலில் முழங்கும். பிறகு கம்பீரநாட்டையில் மல்லாரி. அதில் சாகித்யம் கிடையாது. ஒரே உருவை ஒரு காலம், இரண்டு காலம் என்று வேகம் ஏற்றி வாசிப்பார்கள். பல்லக்கு வீதிக்கு வந்ததும் ராகம் தொடங்கும். நடந்து, நின்று, மறுபடி நடந்து, அடுத்த வீதி திரும்பும்வரை ஒரே ராகம் போய்க்கொண்டிருக்கும். இந்த நிதானத்தில்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி மணிக்கணக்கில் விரிந்தது. பழைய 78 சுற்று இசைத்தட்டிலோ பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். இரண்டு பக்கமும் சேர்ந்தாலும் ராகம் சோம்பல் முறிப்பதற்குள் தட்டு முடிந்துவிடும். அவர் இசைத்தட்டுகள் பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் மீதியை மனத்துக்குள் நிரப்பிக்கொள்ளத் தெரிந்த பழைய ரசிகருக்குத்தான் அவை பொக்கிஷம். புதியவருக்கு வானொலிக் கச்சேரிகளும் கோயில் கச்சேரிப் பதிவுகளுமே மேல்.

“அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள்? 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ‘சிங்கார வேலனே’தானே லட்சக்கணக்கானவர்களை இழுத்தது? ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு என்ன குறைச்சல்?” என்று கேட்பார்கள். இழுத்தது உண்மை. இழுத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கேள்வி. அந்தப் பாட்டில் நாகஸ்வரம் குரலுக்குப் பதில் சொல்கிறது, தானே யோசிப்பதில்லை. அந்தப் பாட்டின் ராகமான ஆபேரி எப்படி மெல்ல உருவம் எடுக்கும் என்பது அதில் தெரியாது. இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லவும் இல்லை. நீண்ட ஆலாபனையின் முதல் இருபது நிமிடம் போதும். முடியாத ஒன்றின் தொடக்கம், முடித்துக் கட்டிய துணுக்கைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

பழைய ஒலிப்பதிவுகளின் இரைச்சல் இன்னொரு புகார். நியாயம்தான். அப்படியானால் ஷேக் சின்ன மௌலானாவின் பிற்காலக் கச்சேரிகளிலிருந்து தொடங்கலாம். கிருஷ்ணனின் நீண்ட ராகங்களும் இருக்கின்றன. கல்யாண வீட்டில் கேட்டவரா இவர் என்று தோன்றும். பழைய பதிவின் இரைச்சலைவிட எனக்கு உறுத்துவது புதிய பதிவுகளில் மைக்கை வாத்தியத்தின் அடிவாயான அணசுக்குள் திணிக்கிற பழக்கம். நாலு வீதிக்குக் கேட்க வேண்டிய வாத்தியத்தை மூக்குக்கு முன்னால் பிடித்தால் காது வலிக்கத்தான் செய்யும். தவில் அதில் வெறும் இடியாகிவிடுகிறது. அதனால் ஹெட்போனில் கேட்கவே வேண்டாம். கரடியூர் மாதிரி வெளிச்சத்தம் குறைந்த ஊரில் ஒரு ஸ்பீக்கரை வாசலில் வைத்துவிட்டு இருபதடி தள்ளி உட்கார்ந்தால் வாத்தியம் தன் அளவுக்கு வந்துவிடும்.

பதிவே எதற்கு, கோயிலில் போய்க் கேட்கட்டுமே என்பவர்கள், பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் வைத்த மேளமும் மணியும் தானே அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள். கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. நேரில் கேட்க வாய்த்தால் எந்தப் பதிவும் வேண்டாம். வாய்க்காதவருக்குப் பதிவு தேடும்போது ஒன்றைக் கவனிக்கலாம். வித்வான் தொடங்குமுன், வாத்தியத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகளில், அதாவது ஊதும் நாக்குகளில், ஒன்றை எடுத்து, உதட்டில் நனைத்து, பொருத்தி, இரண்டு ஊது ஊதிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் வேறொன்றை மாட்டுவார். பெரும்பாலான பதிவுகளில் இதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாத பதிவு கிடைத்தால் அதையே முதலில் கொடுங்கள்.