பின் டயரைத் தடவிப் பார்த்தீர்களா?

மகனுடைய காரில் பின்பக்கத்து இடது டயர் இரண்டாவது தடவையாகப் போய்விட்டது. புதுசு போட்டு 15,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதற்கு முன்னால் "ஊம்"மென்று ஒரு சத்தம் வந்தபோது வீல் பேரிங் என்று சொல்லி அதையும் மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியேதான் இருந்தது. "இந்த டயரே சரியில்லைப்பா, வேற பிராண்டு போட்டுக்கலாம்" என்றான்.

நான் 34 வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவன். துணியில் குறுக்கே பட்டை விழுந்தால் பெரும்பாலும் நூலைப் பார்ப்போம். நீளவாக்கில் கோடு விழுந்தால் எங்கேயோ ஒரு ஊசி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நூல் கோனை மாற்றினால் ஊசிக்கோடு போகுமா?

டயரைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவினேன். மேடு, பள்ளம், மறுபடி மேடு, பள்ளம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கைக்குத் தெரியும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பிக்கிடந்தது. அது தளர்ந்துவிட்டால் சக்கரம் ரோட்டில் உருளுவதோடு துள்ளவும் செய்யும். துள்ளித் துள்ளி விழுகிற இடம்தான் பள்ளமாகத் தேய்கிறது, அந்தப் பள்ளம்தான் சத்தம் போடுகிறது.

நடுவில் மட்டும் பட்டன் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரம் சாய்ந்தோ திரும்பியோ நிற்கிறது. இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

கடையில் சொன்னபோது அந்தத் தம்பி, "பின்னாடி வீலுக்கு அலைன்மென்ட்டெல்லாம் இல்லீங்க ஐயா" என்றான். அவனைக் கோபித்து என்ன செய்ய? அம்பாசடர், ஆம்னி காலத்துப் பழக்கம் அது. பின்னால் ஒரே கெட்டி ஆக்ஸில், கீழே பட்டைப் பட்டையாக லீஃப் ஸ்பிரிங். பனியன் மூட்டையைக் கூரை முட்ட ஏற்றினாலும் அசையாது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் முறுக்கிக் கொடுக்கிற ஒரு பீம்தான் பின்சக்கரம் இரண்டையும் பிடித்திருக்கிறது. அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் அளந்து பார்க்க வழியுண்டு. பைப் போடத் தோண்டி மூடிய பள்ளத்தில் ஒருமுறை 'தொம்'மென்று விழுந்தால் பீம் வளையலாம், புஷ் கிழியலாம். ஆகவே நான்கு சக்கரத்தையும் அளந்து தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு முழுப் பணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு சண்டையும் அங்கே போட்டேன். புது டயர் இரண்டு வாங்கினால் நம் ஊரில் முன்னால் போட்டு, பழசைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். முன்சக்கரம்தான் இழுக்கிறது, அதுதான் சீக்கிரம் தேயும் என்பது அவர்கள் கணக்கு. மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், ஓட்டுகிறவன் சுதாரிக்க நேரமிருக்காது. பெருமாநல்லூர் தாண்டி பைபாஸில் மகன் வண்டியை எந்த வேகத்தில் விடுகிறான் என்பது எனக்குத் தெரியும். பின் சீட்டில் இருப்பது என் பேத்தி. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் அந்த டயரில் ஓட்டக் கூடாது என்பது சட்டம். நான் அதுவரைக்கும் விடுவதில்லை.

கடைசியில் பின்பக்கத்து ஷாக் அப்சார்பரை ஜோடியாகவே மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கம் ஒரு மாதிரி நடக்கும். ஒரு புஷ்ஷும் கிழிந்திருந்தது, அதையும் போட்டோம். பில்லைப் பார்த்து மகன் முகம் சுருங்கிவிட்டது. வீணாய்ப்போன இரண்டு டயரையும் பேரிங்கையும் கூட்டிப் பார் என்றேன், பேசவில்லை.

8,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. நேற்றுக் காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனபோது டயரைத் தடவிப் பார்த்தேன். ஒரே சீராக இருக்கிறது. பேத்தியும் குனிந்து தடவிவிட்டுக் கரிக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அதற்கு வீட்டில் எனக்குத்தான் திட்டு விழுந்தது.