பழைய துப்பாக்கியின் முதல் வேட்டு

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 1918-க்கு முன் உருவான 1903 மாதிரி ரைபிள்களில், உலையில் காய்ந்த எஃகின் உஷ்ணத்தைத் தொழிலாளர் அதன் நிறத்தைக் கொண்டு கண்ணாலேயே மதித்தமையால், வெயில் பிரகாசித்த நாட்களில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றது. 1917-இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பின்னரே அம்முறை திருத்தப்பட்டது. 8,00,000-க்குக் குறைந்த வரிசை எண் தாங்கிய அவற்றைச் சுடவே கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பிற ரைபிள்களையும், குழலில் அடைப்பும் துருவும் இல்லையென்றும், தோட்டா அறையின் அளவு பிறழவில்லையென்றும் நிபுணர் ஒருவர் கருவிகொண்டு சோதித்த பின்னரே, தாங்கியில் இறுகக் கட்டி, தடுப்புக்குப் பின்னே நின்று, நீண்ட கயிற்றால் விசையை இழுத்துச் சுட வேண்டும். வெற்றுத் தோட்டாக்கூட்டில் விரிசல் கண்டால் மறு வேட்டு வேண்டாம். பாட்டனார் வைத்துச்சென்ற பொருளென்னும் பாசத்தால் பரீட்சிக்காமலே அதைத் தோளில் சாத்தாதீர்கள்.