காவல் ஒன்று, தணிக்கை மூன்று

"கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது" என்று கடைக்குக் கொண்டு போனால், பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்: ஃபார்மட். இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவது. கடைக்காரருக்கு அது சுலபம். நமக்கோ பேரப்பிள்ளைகளின் படங்கள், வரி கட்டிய ரசீதுகள், ஓய்வூதியக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. தலைவலிக்குத் தலையையே எடுப்பது கடைசி வைத்தியமாக இருக்கலாம். முதல் வைத்தியம் ஆகாது. வீட்டுக் கணினிக்கு வரும் தொல்லைகளில் பல, இரண்டு மூன்று இலவசக் கருவிகளை வரிசையாகப் பயன்படுத்தினாலே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் நோயைப் பிரித்து அறிய வேண்டும். நாம் எல்லாவற்றையும் வைரஸ் என்கிறோம். ஆனால் வீடுகளில் அதிகம் தொல்லை தருபவை உளவு மென்பொருள்களும் விளம்பர மென்பொருள்களும்தான். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேவு பார்த்துக் கோள் சொல்பவனுக்கு அந்த மொழியில் 'மூஷார்' என்று ஒரு பெயர் உண்டு. 'மூஷ்' என்றால் ஈ. அழையாமல் வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும் ஈ! உளவு மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அது கணினியை உடைக்காது. உள்ளே உட்கார்ந்து, நாம் எங்கே போகிறோம், என்ன தேடுகிறோம் என்று பார்த்து வெளியே அனுப்பும். சில வகை முகப்புப் பக்கத்தை மாற்றி, விளம்பரங்களைக் கொட்டும். மிகக் கொடிய வகை, நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும். வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். ஓய்வூதியம் வரும் கணக்கை அதே கணினியில் திறந்து பார்க்கும் நம் போன்றவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் அல்ல.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் பேரன் ஏதோ இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறான். அதோடு ஒட்டிக்கொண்டு நான்கைந்து வேண்டாத விருந்தாளிகள் வந்துவிட்டன. திரையின் மூலையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு: உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று. கடையில் ஃபார்மட் என்று சொல்லிவிட்டார்கள். அவர் துணைவியார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த அம்மாளின் படங்களில் பாதிக்கு மேல் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன.

"ஐயா, பணம் கேட்கிறதே, கட்டிவிடட்டுமா?" என்றார்.

"ஒரு காசு கட்டாதீர்கள், வாத்தியார் ஐயா. முதலில் அம்மாவின் படங்களைப் பத்திரப்படுத்துவோம்" என்றேன்.

காசு கட்டாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பயமுறுத்திப் பணம் பறிக்கும் போலிக் கருவிகள் நெடுநாளாக நடக்கும் வியாபாரம். வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் இப்படிப் போலி எச்சரிக்கை காட்டி விற்றவர்கள் மீது, 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடர்ந்தது. ஏமாந்தவர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் என்று அந்த ஆணையம் கூறியது. தானாக வந்து கதவைத் தட்டும் வைத்தியரை நம்பக் கூடாது. கருவி எதுவானாலும், அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து நாமே போய் எடுக்க வேண்டும்.

சரி, ஒரு நல்ல கருவி போதாதா? போதாது. ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த திருடர்களின் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடுகிறது. ஒருவர் பட்டியலில் இருப்பவன் இன்னொருவர் பட்டியலில் இருக்க மாட்டான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே விவரம் தெரிந்தவர்கள் ஸ்பைபாட், ஆட்-அவேர் இரண்டையும் வைத்திருந்தார்கள். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். அலுவலகத்தில் பணியாற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுத்தர் போட்ட பில்லைக் கண்காணிப்பாளர் பார்ப்பார், பிறகு கருவூலம் பார்க்கும், அதற்கும் பிறகு ஏ.ஜி. அலுவலகத் தணிக்கை வரும். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல. ஒரு கண்ணுக்குத் தப்பியது மறு கண்ணுக்குப் படும் என்பதற்காக.

ஆனால் இங்கே பலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். கருவிகள் பல வேண்டும் என்றதும், நிரந்தரக் காவல் செய்யும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே நேரத்தில் ஓட விடுகிறார்கள். ஒரே பதிவேட்டில் இரண்டு எழுத்தர்கள் ஒரே சமயத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஒன்றை ஒன்று சந்தேகிக்கும், கணினி நத்தையாக நகரும். நிரந்தரக் காவலுக்கு ஒருவர் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. மற்றவர்கள் தணிக்கைக்கு வருபவர்கள். ஒருவர் பார்த்து முடித்துப் போன பிறகே அடுத்தவர் வர வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் நாங்கள் செய்த வரிசை இது:

1. படங்களையும் கடிதங்களையும் வெளி வட்டில் நகல் எடுத்தோம். நிரல்களை எடுக்கவில்லை, திருடனையும் சேர்த்து மூட்டை கட்டக் கூடாது.

2. நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, பேரன் இறக்கிய நாளில் வந்தவற்றை நீக்கினோம்.

3. அட்வ்கிளீனரை ஓட்டினோம். பிரான்ஸில் பிறந்த கருவி. 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. நிறுவத் தேவையில்லை, அப்படியே ஓடும். விளம்பர நிரல்கள், முகப்பைக் கடத்துபவை இவற்றில் கைதேர்ந்தது.

4. கணினியை மறுபடி தொடங்கி, மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பால் முழுவதும் தேடினோம். முதல் கருவி விட்ட ஒன்றை அது பிடித்தது.

5. மேற்சொன்ன இரண்டும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். எனவே மூன்றாவது தணிக்கைக்கு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளத் தெரிந்தவனும் மாட்டுவான். சுமார் 15 நிமிடம் ஆகும்.

6. கடைசியாக உலாவி. வேண்டாத நீட்சிகளை எடுத்தோம், முகப்பைச் சரிசெய்தோம். அந்தச் சிவப்பு அறிவிப்பு வைரஸே அல்ல! என்றோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டபோது 'சரி' என்று அழுத்தியதன் விளைவு. அமைப்புகளில் போய் அந்த அனுமதியை ரத்து செய்ததும் நின்றுவிட்டது.

பிடிபட்டவற்றை இக்கருவிகள் உடனே அழிப்பதில்லை; தனி அறையில் பூட்டி வைக்கும். ஒரு வாரம் கணினி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அழிப்பது நல்லது. எல்லாம் முடிந்த பின், வேறொரு சுத்தமான கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். திருடனை விரட்டியதும் பூட்டை மாற்றுவது போலத்தான்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் வாதிடவில்லை. மூன்று தணிக்கைக்குப் பிறகும் தொல்லை திரும்ப வந்தால், ஃபார்மட் செய்வதுதான் புத்திசாலித்தனம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், முதல் வேலை கணினியைச் சுத்தம் செய்வது அல்ல. வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிப்பது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். சுவரில் ஓட்டை இருந்தால் காவலாளி மட்டும் என்ன செய்வார்?

நடுவண் அரசும் 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற அமைப்பைத் தொடங்கி, சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. நம் வயதினரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஆயுள் சான்றிதழ் கொடுக்கும் நவம்பரில், இதை அரை நாள் சொல்லிக் கொடுக்கலாம். பணமும் படங்களும் கணினிக்குள் போய்விட்ட காலத்தில், இதுவும் ஓய்வூதியரின் நலனில் சேர்ந்ததுதான்.

அதுவரை, கடையில் ஃபார்மட் என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேறு என்னென்ன கருவிகளை ஓட்டிப் பார்த்தீர்கள், தம்பி?" பதில் வரவில்லையென்றால் கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.