முடியை வளர்த்தது மாத்திரையா, காலமா?

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் பத்தாண்டுகளுக்கு முன்பு சத்து மாத்திரைகளுக்கென்று ஒரேயொரு தட்டுதான் இருந்தது. இன்று கடையின் முகப்பே அவற்றுக்குத்தான். மூட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என்று வண்ண டப்பாக்கள் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கின்றன. முடிக்கு மட்டும் ஏழெட்டு வகைகள். காய்ச்சல் மாத்திரை கேட்டால்தான் கடைக்காரர் உள்ளே போய்த் தேட வேண்டியிருக்கிறது.

அந்த டப்பாக்களில் ஒன்றால் பலன் கண்டதாக உறுதியாக நம்புகிறவர்களில் என் தங்கை மகளும் ஒருத்தி. வயது இருபத்தாறு, தனியார் நிறுவனமொன்றில் வேலை. டெங்கு காய்ச்சலில் படுத்து எழுந்த மூன்றாவது மாதம் அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. சீப்பைப் பார்த்து அழுதாள். தோழி சொன்னதன்பேரில் பயோட்டின் கலந்த இனிப்பு மாத்திரையை, மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் செலவில், நான்கு மாதங்கள் சாப்பிட்டாள். உதிர்வது நின்றது, நெற்றியோரத்தில் புதுமுடி அரும்பியது. அன்றுமுதல் அலுவலகத்தில் யாருக்கு முடி உதிர்ந்தாலும் அந்த மாத்திரையையே அவள் பரிந்துரைக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறாள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுழற்சி உடையது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளரும். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நிற்கும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வெடுக்கும். அதன்பின் உதிர்ந்து புதிய முடிக்கு இடம்விடும். எனவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பானதே. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைத்தல் போன்ற அதிர்ச்சிகள் நேரும்போது பெருந்தொகையான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்காலம் மூன்று மாதம் என்பதால் உதிர்வும் மூன்று மாதம் கழித்தே தெரிகிறது. கரோனா அலைகளுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இதைக் கண்டன. காரணம் நீங்கிவிட்டால் வேர்கள் தாமாகவே மறுபடி வேலையைத் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் உதிர்வு அடங்கிவிடும். அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் கடைக்குப் போகிறார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் வந்தாக வேண்டும். அவர் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கறிவேப்பிலைத் துவையல் சாப்பிட்டாலும், சும்மாவே இருந்தாலும் அந்த இறக்கம் வரும். காலம் செய்த வேலைக்கு மாத்திரை கூலி வாங்கிக்கொள்கிறது. ‘குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து உண்டால்தான் பலன் தெரியும்’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை அறிவியல் எச்சரிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். அது நல்ல வணிகக் கணக்கு.

பொருளியல் கற்பித்தவனுக்கு மயிர்க்காலில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். சில பொருள்களின் தரத்தை வாங்கும்முன் பார்த்தே அறியலாம்; புடவை அப்படி. சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்து அறியலாம், காப்பித்தூள் அப்படி. மூன்றாவது வகையை வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது வேலை செய்ததா என்று வாங்கியவரால் அறிய முடியாது; விற்பவர் சொல்லை நம்புவது ஒன்றே வழி. நம்பிக்கைப் பண்டங்கள் என்று அவற்றைச் சொல்லலாம். முடி மாத்திரை இந்த வகைக்கு மிகத் தூய எடுத்துக்காட்டு. மாத்திரை சாப்பிடாத இன்னொரு தங்கை மகள், அதே காய்ச்சலோடும் அதே தலையோடும், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு இல்லை. ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். உடலில் பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு பயோட்டின் முடியை வளர்க்கிறது என்று அத்தகைய தரமான ஆய்வுகளால் இதுவரை நிறுவப்படவில்லை.

பயோட்டின் ‘பி’ வகை வைட்டமின்களுள் ஒன்று. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். வேகவைத்த ஒரு முட்டையிலேயே 10 மைக்ரோகிராம் இருக்கிறது. நிலக்கடலை, பருப்பு வகைகள், மீன் எல்லாவற்றிலும் உண்டு. பற்றாக்குறை மிக அரிது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை நாள்தோறும் குடிப்பவர்களுக்கும், சில பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும், சில வலிப்பு மருந்துகளை நெடுங்காலம் உண்பவர்களுக்கும் அது வரலாம். ஆனால், சந்தையில் 10,000 மைக்ரோகிராம் மாத்திரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தேவையைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். மிகுந்தது சிறுநீரில் போய்விடும், கெடுதல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. முழுவதும் சரியல்ல. பல ஆய்வகங்களின் இரத்தப் பரிசோதனை முறைகளிலேயே பயோட்டின் ஒரு வேதிப்பொருளாகப் பயன்படுகிறது. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் முடிவுகள் தவறாக வரக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அவ்வாறு நேர்ந்த ஓர் இறப்பையும் அது குறிப்பிட்டது. எங்கள் உறவினர் ஒருவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதாக முடிவு வந்து வீடே கலங்கியது. ‘முடிக்கு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்க ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. சில நாள்கள் நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

சத்து மிகுந்தால் முடி மிகும் என்ற எண்ணமும் தவறு. வைட்டமின் ‘ஏ’ அளவுக்கு மிஞ்சினால் முடி உதிரும். செலினியம் மிஞ்சினாலும் உதிரும். 2008-இல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவச் சத்துப் பொருளில், குறிப்பிட்ட அளவைப்போல் 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட, இருநூறு பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலருக்கு முடி உதிர்ந்தது. ஆண்களுக்கு மரபுவழி வரும் வழுக்கை வேறு கதை. அதை எந்த வைட்டமினும் தடுக்காது. அதற்குப் பயன்படும் மினாக்சிடில், இரத்தக் கொதிப்பு மருந்தாகப் பிறந்து, அதை உண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்டு தலைக்கு வந்தது. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய இளைஞர்கள் இரண்டாண்டுகளை மாத்திரை டப்பாக்களில் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

அப்படியானால் வைட்டமின்களே வீண் என்று பொருளா? இல்லவே இல்லை. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் வெற்றிகளில் வைட்டமின் கண்டுபிடிப்பும் ஒன்று. அதில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. பெரிபெரி நோயை ஆராய 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வகம்தான் பின்னர் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் மும்பை நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். விலங்குச் சோதனைகளைக் குன்னூரில் நடத்தினார். ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைக் குணப்படுத்தியது. பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட சத்துக்கு அதுவே தொடக்கம். கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன என்பது 1991-இல் ஐயமின்றி நிறுவப்பட்டது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்ணும் நீரிழிவு நோயாளிகளுக்கும், பாலும் தவிர்க்கும் சைவ உணவினருக்கும் பி12 தேவைப்படலாம். இவை அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு: இல்லாத சத்து ஈடுசெய்யப்படுகிறது.

இருப்பதற்கு மேல் கொட்டும்போது நடப்பதே வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின், நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியிருந்தது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டமின் ‘டி’ ஆய்வில், நாளும் 2,000 அலகுகள் உண்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ குறைவாக வந்துவிடவில்லை. மூத்தோரின் நினைவாற்றலுக்குப் பல்சத்து மாத்திரை சிறிதளவு உதவக்கூடும் என்று அண்மைய ஆய்வு ஒன்று சொல்கிறது. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

என்னை உறுத்துவது வேறொரு முரண். தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழகத்தில் 53.4 சதவீதம், பாதிக்கும் மேல். இரத்தசோகைக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றான இரும்புச்சத்துக் குறைவு, முடி உதிர்வுக்கும் காரணமாகலாம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். எந்த அளவுக்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் களைப்பு, மூச்சிரைப்பு, மகப்பேற்று ஆபத்து ஆகியவற்றில் வேறுபாடு இல்லை. இதற்கான மாத்திரையை அரசு இலவசமாகவே தருகிறது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று, கர்ப்பிணிகளுக்கு நாளொன்று. ஆயினும், அதே ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 180 நாள்களும் அதை உட்கொண்டவர்கள் 26 சதவீதம் மட்டுமே.

ஏன்? இரும்பு மாத்திரை முதல் வாரத்திலேயே குமட்டும், மலச்சிக்கல் தரும், மலம் கறுக்கும். அதன் பலனோ மாதங்கள் கழித்து, ஓசையின்றி வரும். இனிப்பு மாத்திரை முதல் நாளே நாவுக்கு இனிக்கும். அது செய்யாத வேலையின் பலன் மூன்றாம் மாதம் கண்ணாடியில் தெரியும். ஒன்றுக்கு விளம்பரம் இல்லை. மற்றொன்றுக்கு நடிகையர் உண்டு. விலை இருப்பதாலேயே ஒன்றுக்கு மதிப்பு. இலவசம் என்பதாலேயே மற்றொன்றின்மேல் ஐயம்.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்கு இடம் தருகிறது. மருந்துகளுக்கான 1945-ஆம் ஆண்டு விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாத நிலைகளை அது பட்டியலிடுகிறது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புதிய முடி வளரச்செய்தலும் இருக்கிறது. ஆனால் சத்து மாத்திரை பெரும்பாலும் மருந்தாக விற்கப்படுவதில்லை. 2016-ஆம் ஆண்டு முறைப்படுத்தல் விதிகளின்கீழ் அது ஓர் உணவு. மருந்துக்குரிய மருத்துவச் சோதனைகளைக் கடந்துதான் கடைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும், அச்சிடுகிறார்கள். முன்பக்கத்தில் இடுப்பளவு கூந்தலோடு ஒரு பெண், பின்பக்கத்தில் அந்த வாசகம். நோயைத் தீர்க்கும் என்று சொல்லாமல் ‘முடியின் நலத்துக்குத் துணைபுரிகிறது’ என்று சொன்னால் வாங்குபவர் என்ன புரிந்துகொள்வார் என்பது எழுதியவருக்குத் தெரியும்.

முடி வளர்ச்சியைச் சுட்டும் படமோ சொல்லோ உள்ள உணவுப் பொருள், மருந்துக்குரிய சான்றைக் காட்ட வேண்டும் என்று விதியைத் திருத்தலாம். அன்றாடத் தேவையைப்போல் எத்தனை மடங்கு உள்ளே இருக்கிறது என்பதைப் பெயருக்கு நிகரான எழுத்தில் முன்பக்கத்தில் அச்சிடச் செய்யலாம். இரத்தம் எடுக்கும் ஆய்வகங்கள் ‘பயோட்டின் உண்கிறீர்களா’ என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்கலாம். அதற்குச் செலவே இல்லை. முடி உதிர்கிறது என்று மருந்துக் கடைக்கு வரும் பெண்ணை ஹீமோகுளோபின் சோதனைக்கு அனுப்ப மருந்தாளுநர்களைப் பழக்குவது கொஞ்சம் கடினம். அவர்களின் வருமானம் வேறு பக்கம் இருக்கிறது.

என் தங்கை மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் நம்பவில்லை, முடியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியதைக் கவனித்து, ஒரு பரிசோதனைக்கு மட்டும் சம்மதிக்க வைத்தேன். ஹீமோகுளோபின் 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவளுக்கு 9.6. அவள் நான்கு மாதங்கள் உண்ட இனிப்பு மாத்திரையில் இரும்புச்சத்தே கிடையாது. முடி திரும்பி வந்ததால் உடலும் தேறிவிட்டது என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சாப்பிடுகிறாள். முதல் வாரம் குமட்டியது. இரவு உணவுக்குப் பின் சாப்பிடுமாறு மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். அதோடு தேநீர் குடிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி இரத்தம் சோதிக்க வேண்டும்.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).