கூடி ஆடுவோம்! உடம்பைத் தேற்றுவோம்!



‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் டிப்ளமோ படிக்க வந்திருப்பது சித்திரம் எழுதத்தான். ஆனால் சுவர் எப்படி இருக்கிறது என்று யாராவது திரும்பிப் பார்க்கிறோமா? இந்த மலரில் வேலைவாய்ப்பைப் பற்றியும் புதிய தொழில்நுட்பத்தைப் பற்றியும் நண்பர்கள் பலர் எழுதுவார்கள். நான் நம் இடுப்புச் சதையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம், விஷயம் சீரியஸ்!

நம் அப்பா அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். என் அம்மா ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். ரிங் பிரேமுக்கும் ரிங் பிரேமுக்கும் நடுவில் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவதுதான் அவர் வேலை. எட்டு மணி நேரம் நடை. அப்பா மம்சாபுரம் தோப்புகளில் தேங்காய் சுமக்கிறவர். அம்மாச்சி காலம் முழுக்க நாற்று நட்டவர். இவர்களில் யாருக்கும் ‘எக்சர்சைஸ்’ என்ற வார்த்தை தேவைப்பட்டதே இல்லை. எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற முதல் ஆள் நான்தான். “எம் பிள்ளையாவது உக்காந்து வேலை பாக்கணும்” என்பது அம்மாவின் வாழ்நாள் ஆசை. உங்களில் பலர் வீட்டிலும் இதே ஆசைதான் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆசை நிறைவேறிக்கொண்டிருக்கிறது. காலையில் பஸ்ஸில் உட்காருகிறோம். வகுப்பில் உட்காருகிறோம். லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறோம். வீட்டுக்கு வந்து செல்போனோடு உட்காருகிறோம். நாளைக்கு வேலை கிடைத்தால் அங்கேயும் உட்காரத்தான் போகிறோம். ஆனால் சாப்பாடு மட்டும் மூட்டை தூக்குகிறவர் வீட்டுச் சாப்பாடு! தட்டு நிறையச் சோறு, சாயங்காலம் டீயும் போண்டாவும், கையில் காசு இருந்தால் எண்ணெய் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா. உழைக்கிற உடம்புக்கு இதெல்லாம் எரிந்துபோகும். உட்கார்ந்த உடம்பில் எங்கே போகும்?

இது ஏதோ பணக்காரர் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது முறையே 31, 28 சதவீதமாக இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தெருவுக்கு நாலு வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படித்து, முதல் சம்பளம் வாங்கி, அதை மாத்திரைக்குக் கொடுக்கவா நம்மைப் படிக்க வைத்தார்கள்?

சரி, எடை கூடினால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கேலி. ‘குண்டு’, ‘பூசணி’, ‘தண்ணி டேங்க்’. இந்தப் பட்டப் பெயர்கள் இல்லாத வகுப்பு உண்டா? கேலி செய்தால் வைராக்கியம் வந்து இளைத்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது என்ன? கேலிக்குப் பயந்து விளையாட்டுப் பீரியடில் ஒதுங்கி உட்காருகிறார்கள். உட்கார உட்கார எடை இன்னும் ஏறுகிறது. அடுத்து விளம்பரம். பத்து நாளில் பத்து கிலோ குறைக்கும் பவுடர்! இதற்கு ஆயிரக்கணக்கில் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது பட்டினி. பெண்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவது. அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று இருக்கிறது. ரத்தம் இல்லாத உடம்பைப் பட்டினி போட்டால் அது மெலியுமே தவிர, தேறாது. மெலிவது வேறு, தேறுவது வேறு.

ஜிம்முக்குப் போகலாமே என்பீர்கள். பையன்கள் சிலர் போகிறார்கள், நல்லதுதான். ஆனால் மாதா மாதம் பணம் கட்ட எத்தனை பேரால் முடியும்? பெண் பிள்ளைகளை எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? இன்னொன்று: ஜிம்மில் நீங்கள் நாலு நாள் வரவில்லை என்றால் யாரும் தேட மாட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் வருகிறது. நம்ம ஊர் ஆட்டம்! ஒயிலாட்டமும் கும்மியும்.

ஒயிலாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காலில் சலங்கை, கையில் கலர்த் துணி, வரிசையாக நின்று ஆடுவார்கள். ஆரம்பத்தில் அடி மெதுவாக இருக்கும். போகப் போக வேகம் ஏறும். குனிவது, நிமிர்வது, பாதி உட்கார்ந்து எழுவது, குதித்துத் திரும்புவது என்று உடம்பில் அசையாத இடமே இருக்காது. பிறகு அடி தணியும். மறுபடி ஏறும். இன்று உடற்பயிற்சி நிபுணர்கள் ‘முதலில் உடம்பைச் சூடாக்கு, வேகத்தைக் கூட்டு, பிறகு தணி’ என்று சொல்கிற பாடம் இந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதைவிட முக்கியம், இது தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. வரிசையில் ஒருத்தர் தடுமாறினால் வரிசையே கோணும். அதனால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே அடி சொல்லிக் கொடுப்பார். ஒருத்தர் வராவிட்டால் வட்டத்தில் ஓட்டை விழும். “ஏண்டி நேத்து வரல?” என்ற கேள்வி வராமல் இருக்காது. அந்தக் கேள்விதான் மருந்து! ஊர் கூடித்தானே ஆண்டாள் தேரை இழுக்கிறோம்? தனியாளாக வடத்தைப் பிடித்தால் தேர் ஒரு அங்குலம் நகருமா?

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. போன பொங்கல் விழாவுக்காக எங்கள் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் ஒயில் கும்மி பழகினோம். விழா முடிந்தது, பழக்கத்தை விட மனசு வரவில்லை. வாரம் மூன்று நாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடுகிறோம். ஆறு மாதத்தில் ஒருத்திக்கு ஐந்து கிலோ குறைந்தது. இன்னொருத்திக்கு மூன்று. எனக்கு எடை அரைக் கிலோகூட அசையவில்லை. ஆனால் மூன்றாவது மாடி லேபுக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். ஒல்லியாக இருந்த தோழிக்குப் பசி எடுத்து, சாப்பிட்டு, இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஒரே ஆட்டம்தான், ஆனால் அவரவர் உடம்புக்கு எது தேவையோ அது கிடைத்தது.

நாம் டெக்னிக்கல் ஆட்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே! 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்குச் சுமார் 60 கலோரி செலவாகும். நாட்டுப்புற ஆட்டத்தில் அதைப்போல நாலரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் 270. வித்தியாசம் 210. வாரம் மூன்று மணி நேரத்துக்கு 630. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி செலவாக வேண்டும். வகுத்துப் பாருங்கள், 12 வாரம்! அதாவது ஆட்டத்தால் மட்டும் குறைவது மூன்று மாதத்துக்கு ஒரு கிலோ. ஐந்து கிலோ குறைந்த தோழி ஆடியதோடு நிற்கவில்லை, சாயங்கால போண்டாவை நிறுத்தினாள், சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினாள். அவள் ஒருத்தியாக நிறுத்தியிருந்தால் நாலு நாளில் மறுபடி ஆரம்பித்திருப்பாள். ஆறு பேரும் சேர்ந்து நிறுத்தினோம். டீக்கடைக்காரருக்குத்தான் எங்கள் மேல் வருத்தம்!

சேர்ந்து செய்தால் நிலைக்கும் என்பதை உலகமும் கண்டிருக்கிறது. 1961-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவி, டாக்டர்கள் கொடுத்த சாப்பாட்டு அட்டவணையைத் தனியாகக் கடைப்பிடிக்க முடியாமல் திணறினார். தன்னைப்போலவே பருமனாக இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, வாரா வாரம் கூடிப் பேசத் தொடங்கினார். அதுவே 1963-இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. அவருடைய அட்டவணை எல்லாருக்கும் கிடைத்ததுதான். புதிதாக இருந்தது அந்தக் கூட்டம்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2015-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆட வைத்தார்கள். சிலர் ஒரே அடியில் சேர்ந்து ஆடினார்கள், சிலர் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, யார் எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரே அடியில் ஆடியவர்கள் அதிக வலி தாங்கினார்கள், ஒருவருக்கொருவர் நெருக்கமாகவும் உணர்ந்தார்கள். நாற்று நடும்போது குலவை போட்ட நம் அம்மாச்சிகளுக்கு இது புதுச் செய்தியாகவா இருக்கும்?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

“வயசுக்கு வந்த பொண்ணு ஆடலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவிலும் கேட்டார்கள். பங்குனியில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிப்பது யார்? வயசுக்கு வந்த பெண்கள்தானே! முளைப்பாரிக்குக் கும்மியடிக்கலாம், நம் உடம்புக்காகக் கும்மியடிக்கக் கூடாதா? ஒயிலாட்டம் ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியதுதான். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா, வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87! ஆடின கால் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டுமா?

“அது அந்தச் சாதிக்காரங்க ஆட்டம், இது இந்தச் சாதிக்காரங்க மேளம்” என்பது அடுத்த மறுப்பு. எனக்கு மிகவும் வலிக்கிற மறுப்பு இதுதான். இழிவென்று ஒதுக்கப்பட்ட பறையை வாசித்து, பலருக்கும் கற்றுக் கொடுத்து வந்த மதுரை வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சாதி பார்த்தா வருகிறது? எங்கள் ஆறு பேரில் ஒரே தெருக்காரர்கள் இரண்டு பேர்கூட இல்லை. ஆடி முடித்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறோம். எடை குறைந்ததைவிட எனக்கு இது பெரிய லாபமாகப் படுகிறது.

“படிக்கவே நேரம் இல்லை” என்பது மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு. செல்போனில் ரீல்ஸ் தள்ளுகிற நேரத்தில் இது ஒரு நாள் கணக்கு! நேரம் இருக்கிறது தோழர்களே, மனசுதான் வேண்டும்.

“எனக்கு ஆட வராது” என்பவர்களுக்கு ஒரு பழமொழி: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலாகவே இருக்கட்டும், வந்து நில்லுங்கள், போதும்!

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் தாழ்மையான கோரிக்கைகள் இவை:

1. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் மைதானத்தை ஆட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைத் தவறவிடாத நேரமாக இருக்க வேண்டும்.

2. சுற்று வட்டாரத்தில் ஆட்டம் தெரிந்த வாத்தியார் ஒருவரை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்க வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது.

3. யாருடைய எடையையும் எல்லார் முன்னாலும் பார்க்கக் கூடாது. எடைக்குப் பதிலாக அவரவர் வீட்டிலேயே டேப் வைத்து இடுப்பை அளந்துகொள்ளலாம். நம் நாட்டவருக்கு ஆண்கள் என்றால் 90 செ.மீ., பெண்கள் என்றால் 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை என்கிறார்கள் டாக்டர்கள்.

4. வட்டத்துக்குள் பட்டப்பெயர் கிடையாது. கேலி செய்பவர் அன்றைக்குத் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும்.

5. மூட்டுவலி, இழைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆட வேண்டும். ஆட முடியாதவர்கள் தாளம் போடலாம். வட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு.

இதற்குப் பெரிய செலவு இல்லை. சலங்கை வாங்கக் காசு இல்லாவிட்டால் கைதட்டலே போதும்.

தோழர்களே! அம்மாக்களின் ஆசைப்படி நாம் உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் போகிறோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் நாற்பது வருஷம் ஆரோக்கியமாக உட்கார வேண்டுமானால், தினமும் கொஞ்ச நேரம் அதை விட்டு எழுந்திருக்க வேண்டும். அடுத்த பருவத்தின் முதல் திங்கட்கிழமை சாயங்காலம், மைதானத்து வேப்பமரத்தடியில் நாங்கள் ஆறு பேரும் நிற்போம். வட்டம் பெரிதாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை